ஐ.டி.ஐ. சேர்க்கை: ஆர்.டி. எண்ணும் ஓர் இனிஷியலும் படுத்திய பாடு

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளையை ஐ.டி.ஐ. என்னும் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்க்க நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்றிதழ் கர்நாடக இட ஒதுக்கீட்டில் எதற்கும் உதவாது என்பதுதான். இந்த ஒரு வரியை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், என் அப்பா வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, மே மாத வெயிலில் திருப்பத்தூர் மாவட்டத்திலுள்ள சொந்த ஊருக்குப் பேருந்து ஏறியிருக்க மாட்டார்.

என் தம்பி இரண்டாம் பி.யூ.சி.யில் (தமிழ்நாட்டின் பிளஸ் டூ போன்றது) அறிவியல் எடுத்துச் சுமாரான மதிப்பெண்ணில் தேறினான். பி.இ. வேண்டாம், இயந்திரத்தில் உலோகத்தை வெட்டிப் பாகங்கள் செய்யும் மெஷினிஸ்ட் தொழில் கற்கிறேன் என்று அவன் சொன்னபோது வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. எங்கள் சித்தப்பா பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் சி.என்.சி. (கணினி வழி இயங்கும் வெட்டு இயந்திரம்) செட்டராக இருக்கிறார், விடுமுறைகளில் அங்கே போய் நின்று பார்த்துப் பழகியவன் அவன். ஜாப்பை, அதாவது வெட்டப்படும் பாகத்தை, கழற்றி மாட்டுகிற ஆப்பரேட்டருக்கும், டூல் ஆஃப்செட் (வெட்டும் கருவியின் அளவுத் திருத்தம்) போட்டு முதல் ஜாப்பை அளவுக்குக் கொண்டுவருகிற செட்டருக்கும் சம்பளத்தில் எவ்வளவு தூரம் என்பதையும் சித்தப்பாவிடமே கேட்டு வைத்திருந்தான். எதிர்ப்பு வெளியிலிருந்துதான் வந்தது. பி.யூ.சி. அறிவியல் தேறியவர்கள் பாலிடெக்னிக் டிப்ளமாவில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம், அதை விட்டுவிட்டு ஐ.டி.ஐ.க்குப் போவானேன் என்று அவனுடைய கல்லூரி விரிவுரையாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கும் அதே இரண்டாம் ஆண்டு வழி திறந்திருக்கிறது என்பதையும், ஐ.டி.ஐ. பாடத்திட்டத்தில் ஆண்டுக்கு 1,200 மணி நேரப் பயிற்சியில் 840 மணி நேரம் செய்முறைக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் எடுத்துச் சொன்ன பிறகு அவர் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. ராஜாஜிநகரில் 1972 முதல் இயங்கும் ஜி.டி.டி.சி. என்னும் அரசுக் கருவிப் பட்டறை, பயிற்சி மையத்தையும் யோசித்தோம். அங்கே டூல் அண்ட் டை (கருவியும் அச்சும் செய்யும் தொழில்) டிப்ளமா மூன்று ஆண்டுப் படிப்பும் ஓர் ஆண்டுத் தொழிற்சாலைப் பயிற்சியுமாக நான்கு ஆண்டுகள் ஆகும். கட்டணமும் அரசு ஐ.டி.ஐ.யோடு ஒப்பிடக்கூடியதன்று. எனவே அரசு ஐ.டி.ஐ., மெஷினிஸ்ட், இரண்டு ஆண்டு என்று முடிவாயிற்று. முடிவெடுப்பது இவ்வளவு சுலபமாக இருந்ததால்தான், மற்றதும் அப்படியே இருக்கும் என்று நாங்கள் எல்லோரும் நம்பிவிட்டோம்.

விண்ணப்பத்தில் சாதி, வருமானம் இரண்டுக்கும் ஆர்.டி. எண் கேட்கப்படுகிறது. கர்நாடக வருவாய்த் துறை வழங்கும் சான்றிதழ்களின் மேல் ஆர்.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கி அச்சாகும் நீண்ட எண் அது. அந்த எண்ணைப் பதிந்தால்தான் விவரங்கள் தாமாக வந்து நிரம்பும்; வேறு மாநிலச் சான்றிதழில் அது இருக்காது. இதைக் கேட்பதற்காக நகரிலுள்ள ஒரு வருவாய் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த எழுத்தர் நாங்கள் சொன்னதை முழுவதும் கேட்காமலேயே, அப்பாவின் சாதிச் சான்றிதழைச் சொந்த ஊர் வட்டாட்சியரிடமிருந்து புதிதாக வாங்கி வாருங்கள், அதை வைத்து இங்கே மாற்றித் தருகிறோம் என்று சொன்னார். அப்பா ஊருக்குப் போனார். அங்கே கிராம நிர்வாக அலுவலர் முகாமுக்குப் போயிருந்தார். காத்திருந்து, அவருடைய பரிந்துரையைப் பெற்று, சான்றிதழோடு திரும்பி வந்தார். அதே மேசை, அதே எழுத்தர். தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது தமிழ்நாட்டுச் சான்றிதழ், இங்கே செல்லாது, ஜெனரல் மெரிட்டில் போடுங்கள்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார். ஒதுக்கீடு இல்லாத பொதுப் பிரிவைத்தான் இங்கே ஜெனரல் மெரிட் என்கிறார்கள். வாங்கி வரச் சொன்னதே நீங்கள்தானே என்று அப்பா கேட்டதற்கு, நான் அப்படிச் சொல்லியிருக்கவே முடியாது என்ற பதில்தான் கிடைத்தது. அப்பா கோபக்காரர் அல்லர். அன்று மட்டும் வெளியே வந்து படிக்கட்டில் நின்றபடி நெடுநேரம் பேசிக்கொண்டே இருந்தார்.

சட்டப்படி அந்த எழுத்தர் இரண்டாவது முறை சொன்னது சரி என்பதுதான் கசப்பை அதிகமாக்குகிறது. பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கர்நாடகத்தில் அது 1, 2ஏ, 2பி, 3ஏ, 3பி என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் விஷயத்திலும், பிழைப்புக்காக இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர் பிறந்த மாநிலத்துச் சலுகையைப் புதிய மாநிலத்தில் கோர முடியாது என்று 1990இலேயே உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. தலைமுறைகளாகக் கர்நாடகத்திலேயே இருந்துவரும் குடும்பங்களின் நிலை வேறு. அவர்கள் இங்கேயே உரிய ஆதாரங்களைக் காட்டிச் சான்றிதழ் கோரலாம். அப்பா காலத்தில் வந்தவர்கள் என்றால், ஊருக்கு அலையாமல் நேராக ஜெனரல் மெரிட் என்று நிரப்பிவிடுங்கள். வருமானச் சான்றிதழ் மட்டும் இங்கே வாங்கலாம், வாங்கவும் வேண்டும். உதவித்தொகைக்குப் பின்னால் அதுதான் தேவைப்படும். விண்ணப்பித்தவுடன் தரப்படும் ஒப்புகைச் சீட்டிலுள்ள சகாலா எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2011ஆம் ஆண்டின் சகாலா சட்டப்படி ஒவ்வொரு சேவைக்கும் கெடு உண்டு; கெடு தாண்டினால் மேல்முறையீடு செய்யலாம். எங்கள் வருமானச் சான்றிதழ் நின்றுபோயிருந்தபோது, மேல்முறையீடு செய்யப்போகிறோம் என்று அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டதும் வேலை நகர்ந்தது. முழு அலைச்சலிலும் எங்களுக்குக் கிடைத்த முதல் வெற்றி அதுதான்.

மாற்றுச் சான்றிதழ் வாங்குவது இன்னொரு தலைவலி. ஐ.டி.ஐ. சேர்க்கையில் தரவரிசை எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண்ணை வைத்தே போடப்படுகிறது, ஆனால் டி.சி. கடைசியாகப் படித்த இடத்திலிருந்துதான் வர வேண்டும். தம்பி படித்த பி.யூ. கல்லூரியில், எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, கடிதத்தைக் காட்டு என்றார்கள். ஐ.டி.ஐ. என்று சொன்னதும் அந்த அறையில் இருந்த இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் மறக்கவில்லை. ஆய்வகக் கட்டண பாக்கி என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். கட்டியதற்கான ரசீதைக் காட்டினோம். எல்லாக் கல்விக் கட்டண ரசீதுகளையும் ஒரே கோப்பில் வைத்திருக்கும் அம்மாவின் பழக்கத்தை நாங்கள் வழக்கமாகக் கேலி செய்வோம். அதற்குப் பிறகு செய்வதில்லை.

இதற்கிடையில், அரசு இடம் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்ற பயத்தில் நகரின் ஓரத்திலுள்ள ஒரு தனியார் ஐ.டி.ஐ.க்குப் போனோம். இந்தப் பகுதியைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். வாசலிலேயே என்.சி.வி.டி. (தேசியத் தொழிற்பயிற்சிக் குழு) அங்கீகாரம் பெற்றது என்று பெரிதாக எழுதியிருந்தது. மெஷினிஸ்ட் பிரிவில் இடம் இருக்கிறது, இன்றே முன்பணம் கட்டினால் சலுகை உண்டு, அசல் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று மேசையில் இருந்தவர் இனிமையாகப் பேசினார். தம்பி அங்கேயே உட்கார்ந்து, மத்திய அரசின் தொழிற்பயிற்சித் தளத்தில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடினான். அங்கீகாரம் இருந்தது உண்மைதான். ஆனால் எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் என்ற இரண்டு பிரிவுகளுக்கு மட்டும். மெஷினிஸ்ட் என்ற பெயரே பட்டியலில் இல்லை. கேட்டதற்கு, தேர்வு நேரத்தில் எங்களுடைய இன்னொரு நிறுவனத்தின் பெயரில் பதிந்துவிடுவோம், ஒன்றும் கவலைப்படாதீர்கள் என்றார். பட்டறை எங்கே என்று கேட்டோம். காட்டினார், கிரில் செய்யும் கடையில் இருப்பது போன்ற ஒரு டிரில்லிங் மெஷினும், ஜாப்பைப் பிடிக்கும் சக் இல்லாத ஒரு லேத்தும் நின்றன. மில்லிங் மெஷின் வந்துகொண்டிருக்கிறதாம்.

அங்கீகாரம் நிறுவனம் முழுமைக்கும் மொத்தமாகத் தரப்படுவதில்லை. ஒவ்வொரு தொழிற்பிரிவுக்கும், அதன் ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனித்தனியாகத் தரப்படுகிறது. மெஷினிஸ்ட் என்றால் ஒரு யூனிட்டுக்கு 20 பேர். எனவே நீங்கள் சேரப்போகும் பிரிவு அந்தத் தளத்தில் இருக்கிறதா, எத்தனை யூனிட் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நிறுவனக் குறியீட்டில் ஜி.ஆர். என்று தொடங்கினால் அரசு, பி.ஆர். என்றால் தனியார். அசல் மதிப்பெண் பட்டியலை ஒப்புகை இல்லாமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். நல்ல தனியார் நிறுவனங்கள் இல்லாமல் இல்லை, அவற்றில் இதைக் கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

அரசு ஐ.டி.ஐ.யில் அடுத்த சேர்க்கைச் சுற்றிலேயே மெஷினிஸ்ட் இடம் கிடைத்துவிட்டது. இன்னொரு குறிப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கர்நாடகத்தில் 150 அரசு ஐ.டி.ஐ.கள் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து மேம்படுத்தப்பட்டு, 2022 ஜூனில் திறந்துவைக்கப்பட்டன. உங்களுக்குக் கிடைத்த இடம் அந்த 150இல் ஒன்றா என்று பாருங்கள், புதிய சி.என்.சி. மெஷின்கள் அங்கேதான் இருக்கின்றன. ரோபாட்டிக்ஸ், மின் வாகனம் என்று புதிய பிரிவுகளும் உண்டு. அவற்றின் பெயர் கேட்க நன்றாக இருந்தாலும், ரயில்வேயும் பொதுத்துறை ஆலைகளும் அப்ரண்டிஸ் (ஆலையில் தொழில் பழகுபவர்) எடுக்கும் அறிவிப்புகளில் ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன் என்ற பழைய பெயர்களே மிகுதியாகத் தென்படுகின்றன. பழைய பிரிவில் சேர்ந்து, புதிய மெஷினில் கை பழகுவதுதான் என் கணக்கில் லாபம்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் மாதங்களில் அரம் போட்டு அரம் போட்டு உள்ளங்கை கொப்புளித்தது, பிறகு காய்த்துப்போயிற்று. 80 சதவீத வருகை இல்லையென்றால் தேர்வு எழுத முடியாது என்பதில் கண்டிப்பாக இருந்தார்கள். எழுத்துத் தேர்வு கணினியில், செய்முறை தனியாக. இரண்டு ஆண்டும் தேறினான்.

கடைசிச் சிக்கல் சான்றிதழில் வந்தது, அதற்கான விதையோ சேர்க்கை நாளிலேயே விழுந்திருந்தது. நம் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலில் பெயரும் ஓர் இனிஷியலும் இருக்கும். ஆதாரில் அந்த இனிஷியல் விரிந்து, அப்பாவின் பெயர் முழுதாகப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். ஐ.டி.ஐ.யில் விவரங்களைப் பதிந்த ஊழியர் ஆதாரைப் பார்த்துப் பதிந்தார். பதியும்போது அப்பாவின் பெயரை முன்னால் போட்டுவிட்டார். தேசியத் தொழிற்சான்றிதழை இணையத்திலிருந்து இறக்கிப் பார்த்தபோது, அதில் தேறியிருந்தவர் கிட்டத்தட்ட என் அப்பா. திருத்தக் கோரிக்கையை நாமாக நேரடியாக முடித்துக்கொள்ள வழியில்லை, நிறுவனத்தின் வழியாகத்தான் மேலே போக வேண்டும் என்றார்கள். அலுவலகத்தில், ஆதாரும் எஸ்.எஸ்.எல்.சி.யும் ஒன்றாக இருந்தால்தான் அனுப்புவோம் என்று திருப்பினார்கள். ஆதார் மையத்தில் எஸ்.எஸ்.எல்.சி. பட்டியலைக் காட்டிப் பெயரை அதன்படி மாற்றி, மறுபடி விண்ணப்பித்து, முதல்வரின் கையெழுத்துக்காகக் காத்திருந்து, ஒருவழியாகச் சரியான பெயர் வந்தது. அந்த இடைவெளியில் ஒரு பொதுத்துறை ஆலையின் அப்ரண்டிஸ் விண்ணப்பத் தேதி கடந்துபோயிற்று. அது இன்றும் எனக்கு ஆறவில்லை. சேர்க்கைக்குப் போவதற்கு முன்பே ஆதாரை மதிப்பெண் பட்டியலின்படி மாற்றிவிடுங்கள். பதிவு செய்யும் நாளில் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி, எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இப்போது தம்பி பீன்யாவிலேயே கருவிகளும் அச்சுகளும் செய்யும் ஒரு டூல் ரூமில் அப்ரண்டிஸாகச் சேர்ந்திருக்கிறான். இங்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி, பயிற்சியாளருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் அரசின் அப்ரண்டிஸ் தளத்தில் பதிவாக வேண்டும். வேலைக்கு வரச் சொல்லிவிட்டு, ஒப்பந்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் இடங்கள் உண்டு. ஒப்பந்தம் பதிவாகாத மாதங்கள் அப்ரண்டிஸ் பயிற்சிக் கணக்கில் வராது, தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழுக்கான தேர்விலும் உட்கார முடியாது. தம்பியின் ஒப்பந்த எண் கைக்கு வந்த பிறகுதான் பஸ் பாஸ் எடுக்க அம்மா பணம் கொடுத்தார்.