ஒர்த்தோனாவில் தோமையாரின் காலடியில்

இது அம்மாவின் நேர்த்திக்கடன். அண்ணனுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்த இரவு, சென்னை சாந்தோமில், இயேசுவின் சீடர் தோமையாரின் கல்லறைச் சிற்றாலயத்தில் முழந்தாளிட்டு, "பிள்ளையைத் திருப்பிக் கொடும், உம் எலும்புகள் இருக்கும் ஊருக்கே என் வீட்டிலிருந்து ஒருவரை அனுப்புகிறேன்" என்று வேண்டிக்கொண்டார். அண்ணன் பிழைத்துவிட்டார். மூட்டு தேய்ந்த அம்மாவுக்குப் பதிலாக நான் இத்தாலியின் ஒர்த்தோனாவுக்குப் புறப்பட்டேன்.

ரோமில் தரகர்களின் தொல்லை தாங்கவில்லை. வரிசையில் நிற்காமல் உள்ளே விடுகிறோம் என்று நான்கு பேர் வழி மறித்தார்கள். அதை ஒறுத்தல் கணக்கில் சேர்த்துக்கொண்டு பஸ்ஸில் பெஸ்காரா போனேன். அங்கே அவசரத்தில் விரைவு ரயிலில் ஏறிவிட்டேன். ஒர்த்தோனா பெயர்ப்பலகை ஜன்னலில் ஓடி மறைந்தபோது அழுகையே வந்துவிட்டது. அடுத்து நின்ற ஊரில் இறங்கித் திரும்பி வந்தேன்.

தோமையாரும் சுற்றி வந்தவர்தானே! மயிலாப்பூரிலிருந்து இன்றைய துருக்கியில் உள்ள எதெஸ்ஸா, அங்கிருந்து கிரேக்கத்தின் கியோஸ் தீவு. 1258 செப்டம்பர் 6 அன்று கப்பல் தலைவர் லியோனே அச்சாயுவோலி அவரது அருளிக்கங்களையும் (புனித எலும்புகளையும்) கல்லறைக் கல்லையும் இங்கே கொண்டுவந்து இறக்கினார். நிலையம் கடலோரத்தில், ஊர் மேட்டின் மேல். மூச்சு வாங்க ஏறினேன்.

அவர் இருக்கும் இந்தப் பேராலயம் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1566இல் துருக்கியர் தீ வைத்தார்கள். எரிந்த நான்காம் ஆண்டே, 1570இல், திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் ஒர்த்தோனாவை மறைமாவட்டமாக்கினார், அதாவது அதற்கென ஓர் ஆயர்பீடம் தந்தார். 1818இல் அதைக் கலைத்து லஞ்சானோவோடு சேர்த்தார்கள். பிறகு மீண்டும் உயிர் பெற்று, 1986 முதல் லஞ்சானோ-ஒர்த்தோனா என்று ஒரே உயர்மறைமாவட்டமாக இருக்கிறது. 1943 டிசம்பரில் கனடாப் படை நெருங்கியபோது ஜெர்மானியர் வெடி வைத்ததில் பேராலயம் பாதி இடிந்தது. 1949இல் மறுபடியும் திறந்தார்கள். ஆயர்பீடம் வந்தது, போனது. தோமையார் மட்டும் இடம் பெயரவில்லை.

நிலவறைக்குள் இறங்கினேன். பீடத்தில் பொன்முலாம் பூசிய செம்புப் பேழை. அருகே அந்தக் கல்லறைக் கல்: ஆசி வழங்கும் புனிதரின் உருவம், பக்கத்தில் கிரேக்க எழுத்துகள். அம்மா கொடுத்தனுப்பிய செபமாலையை எடுத்தேன். ஒரு மணி உதிர்ந்த இடத்தில் கறுப்பு நூலால் அம்மாவே முடிச்சுப் போட்டிருப்பார். அதைப் பீடத்தின் விளிம்பில் வைத்தேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துவைத்த செபம் ஒன்றும் வாயில் வரவில்லை. "நீரே என் ஆண்டவர்! நீரே என் கடவுள்!!" என்று உயிர்த்த இயேசுவிடம் தோமையார் சொன்னது மட்டுமே வந்தது. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ! அண்ணனின் மார்பில் இருக்கும் தையல் தழும்பு கண்ணில் நின்றது. தழும்பைத் தொட்டுப் பார்க்கக் கேட்டவரிடம் நன்றி சொல்ல வேறென்ன வேண்டும்? தேம்பித் தேம்பி அழுதேன். பக்கத்தில் இருந்த பாட்டி ஒருவர் ஒன்றும் கேட்காமல் கைக்குட்டையை நீட்டினார்.

வெளியே வந்து, கடலைப் பார்த்தபடி அம்மாவை அழைத்தேன்.

"பார்த்துவிட்டாயா? பூ வைத்திருக்கிறார்களா அவருக்கு?"

"வெள்ளை ரோஜா வைத்திருக்கிறார்கள், அம்மா."

"மல்லிகை இல்லையா?" என்றார், குறைப்பட்டுக்கொண்டு.