சுருக்கித் தரச் சொல்லாதீர்கள், கேள்வி கேட்கச் சொல்லுங்கள்

என்பிடெல் (NPTEL) என்ற இலவச இணையவழிப் பாட வீடியோக்களைப் பார்த்துப் படிக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். 2003-ல் ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து தொடங்கிய திட்டம் அது. நம் சென்னை ஐஐடிக்கு அதில் பெரும் பங்கு உண்டு. இவ்வளவு நல்ல பாடம் இலவசமாகக் கிடைப்பது நம் பாக்கியம். ஆனால் 12 வாரப் பாடம் என்றால் சுமார் 30 மணி நேரம் ஓடும்.

வீடியோ இணைப்பை நோட்புக்எல்எம் (NotebookLM) என்ற கூகுளின் ஏஐ கருவியில் போட்டு 'சுருக்கித் தா' என்று கேட்டால் படித்த திருப்தி வந்துவிடும், பாடம் வராது. முதலில், என்னென்ன தலைப்பு எந்த வரிசையில் வருகிறது என்று மட்டும் அதனிடம் கேளுங்கள். தெரியாத பகுதியை யூடியூபின் எழுத்துவடிவத்தில் (transcript) தேடி, அந்த வரியைத் தொட்டு, ஆசிரியர் வாயாலேயே கேளுங்கள். அப்புறம் வீடியோவை மூடிவிட்டு, 'என்னைக் கேள்வி கேள், விடையை உடனே சொல்லாதே' என்று நோட்புக்எல்எம்மிடம் சொல்லுங்கள். 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. தாம்பரம் மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் இந்தக் கேள்வி பதிலை அங்கேயே முடித்துவிடலாம்.

ஒன்று முக்கியம். நோட்புக்எல்எம் வீடியோவைப் பார்ப்பதில்லை, அதன் எழுத்துவடிவத்தைத்தான் படிக்கிறது. பலகையில் பேராசிரியர் போடும் படமும் சமன்பாடும் அதற்குத் தெரியாது. கணக்குப் பாடத்தை நாமே உட்கார்ந்து பார்த்துத்தான் ஆக வேண்டும்.

கேள்விகளைத் தமிழிலேயே கேட்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் கேட்ட பாடத்துக்குத் தமிழில் பதில் சொல்லும்போது, எது புரிந்தது, எது புரியவில்லை என்று பளிச்சென்று தெரிந்துவிடும்.