18,000 பவுண்ஸ் கேட்டு வந்த கடிதம்

வெள்ளிக்கிழமைக்குள் வழக்கை வாபஸ் வாங்காவிட்டால் தங்கள் செலவு 18,000 பவுண்ஸையும் என்னிடமே கேட்கப்போவதாக எதிர்த்தரப்புச் சொலிசிட்டர் எழுதியிருந்தார். பஸ்ஸில் வைத்துத்தான் வாசித்தேன். இறங்கவேண்டிய தரிப்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

கிழக்கு லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் ஆறு வருடம் வேலை செய்தேன். திடீரென்று நிறுத்தினார்கள், விடுமுறைச் சம்பளமும் தரவில்லை. வேலைத் தகராறுகளைப் பேசித் தீர்க்க உதவும் ஏகாஸ் (Acas) அமைப்பு மூலம் பேசியும் சரிவரவில்லை. 2017இல் உச்ச நீதிமன்றம் கட்டணத்தை ரத்துச் செய்ததால் தொழில் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடக் காசு தேவைப்படவில்லை. தோற்றாலும் அவரவர் செலவு அவரவருக்கு என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன்.

"விட்டுடுங்கோ மச்சாள், பிள்ளைகளைப் பாருங்கோ" என்றார் தம்பியின் மனைவி. நானும் விட இருந்தேன். இலவச சட்ட ஆலோசனையில் இருந்த பெண்தான் தடுத்தார். இது வெறும் கடிதம், உத்தரவு இல்லை. தொந்தரவு கொடுக்கவென்றே வழக்காடினாலோ, நியாயமற்று நடந்தாலோ, ஆரம்பத்திலிருந்தே வெல்ல வழியில்லாத வழக்கு என்றாலோதான் பெரும்பாலும் தீர்ப்பாயம் செலவைப் பற்றி யோசிக்கும் என்றார். ஆனால் பதில் போடாமல் இருக்காதீர்கள் என்றும் சொன்னார். என் வழக்கில் நியாயம் இருப்பதாக ஏன் நம்புகிறேன், எந்தப் பத்திரத்தை வைத்து என்று நாலு வரி எழுதி அனுப்பினேன்.

அப்புறம் பிழை விட்டது நான்தான். அம்மாவுக்குச் சுகமில்லை என்று யாழ்ப்பாணம் போனேன். சாட்சி அறிக்கை கொடுக்கும் தேதி தவறிவிட்டது, யாருக்கும் அறிவிக்கவும் இல்லை. அதனால் விசாரணை தள்ளிப்போனது. ஒரு மின்னஞ்சல் போட்டிருக்கலாம்.

கடைசியில் விடுமுறைச் சம்பளம் கிடைத்தது, வேலைநீக்க வழக்கில் தோற்றேன். தீர்ப்புக்குப் பிறகு செலவு கேட்க இருந்த 28 நாள் கெடு முடிவதற்குள் அவர்கள் 18,000 பவுண்ஸுக்கும் மனுப் போட்டார்கள்.

நீதிபதி அதை மூன்று கேள்வியாகப் பிரித்தார். நான் நியாயமற்று நடந்தேனா? நடந்திருந்தால் செலவு விதிப்பது சரியா? சரியென்றால் எவ்வளவு? வக்கீல் இல்லாத ஒருவரை வக்கீலை அளக்கிற கோலால் அளக்க முடியாது என்றார். என் நாலு வரிப் பதிலை வாசித்துவிட்டு, தோற்றதாலேயே அது வீண் வழக்கு ஆகாது என்றார். தள்ளிப்போன நாளைப் பற்றித்தான் நிறையக் கேட்டார். சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், மூன்று மாத வங்கிக் கணக்கு எல்லாம் கொண்டு போயிருந்தேன். வசதியைக் கட்டாயம் பார்க்கவேண்டும் என்று விதி இல்லை, ஆனால் பார்க்கலாம். பார்த்தார். அந்த ஒரு நாளுக்காக 600 பவுண்ஸ் கட்டச் சொன்னார்.

அது நியாயம் என்றே நினைக்கிறேன். மிச்சத்துக்காக ஒரு மனுசியை இத்தனை மாதம் பயமுறுத்தியதுதான் இன்னும் ஆறவில்லை. வழக்குக்கு வேண்டிய ஷிஃப்ட் அட்டவணையை அவர்களும் மூன்று வாரம் பிந்தித்தான் தந்தார்கள். வக்கீல் வைக்காதவர்கள் தயாரிப்புக்குச் செலவான நேரத்துக்கு மணிக்கணக்கில் பணம் கேட்டு மனுப் போடலாம், அதற்கும் அதே 28 நாள்தான். எனக்கு அது தெரியவந்தபோது கெடு முடிந்திருந்தது.

மாதம் 50 பவுண்ஸாகக் கட்டச் சம்மதித்தார்கள். தை மாதம் கடைசித் தவணையும் கட்டிவிட்டேன்.