விண்ணப்பத்தில் எழுதாமல் விட்டவை

மலேசியாவில், பினாங்கில் தொழிற்சாலைகளுக்கு ஆள் சேர்த்துவிடும் ஒரு நிறுவனத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இப்போது 60 முடிந்து ஓய்வு பெற்றுவிட்டேன். குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம் 2013 ஜூலையில் நடப்புக்கு வந்திருக்காவிட்டால், பழைய வழக்கப்படி 55 வயதிலேயே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். கூடுதலாகக் கிடைத்த அந்த ஆண்டுகள்தான் இந்தத் தொழிலில் எனக்குப் பெரிய பாடம்.

எங்கே வேலை காலி இருக்கிறது என்று தெரிந்தால் போதும், ஆளை அனுப்பிவிடலாம் என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். அது சுலபமான பாதி. 1972-ல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்ததிலிருந்தே இங்கே கம்பெனிகள் ஆள் தேடிக்கொண்டுதான் இருக்கின்றன. நான் சேர்ந்த புதிதில் விண்ணப்பப் பாரங்களைக் கட்டாக எடுத்துக்கொண்டு நிபோங் தெபால், சுங்கை பாக்காப் பக்கம் போவோம். தோட்டத்தை விட்டு வெளியே வந்த குடும்பங்களின் பெண் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து எழுதுவார்கள். கண் பரிசோதனை, நிறம் பிரித்துப் பார்க்கத் தெரிகிறதா என்ற பரிசோதனை, அவ்வளவுதான். அடுத்த வாரமே பாலத்தைத் தாண்டிப் போகும் ஃபேக்டரி பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். அடிப்படைச் சம்பளம் சொற்பம். ஓவர்டைம் செய்தால்தான் கையில் காசு.

கடினமான பாதி, ஏற்கெனவே வேலை பார்த்தவர்களுக்கு வேலை தேடுவது. அவர்கள் பாரத்தில் 'அனுபவம்' என்ற இடத்துக்கு வந்தால் பேனா நின்றுவிடும்.

ஒருவரைச் சொல்கிறேன். வயது 48. அவர் பார்த்த பிரிவையே கம்பெனி மூடிவிட்டது. பாரத்தில் ஒரே வரி: 'ஓப்பரேட்டர், 19 வருடம்.'

"எந்த மெஷின் அண்ணே?"

"வயர் பாண்ட் மா, சிப்பில் கம்பி ஒட்டுற மெஷின்."

"அதில் என்ன செய்வீர்கள்?"

"மெஷின் ஓட்டுவேன். வேற என்ன?"

சரி, இரவு ஷிஃப்டில் மெஷின் நின்றுவிட்டால் யாரைக் கூப்பிடுவார்கள் என்று கேட்டேன். "என்னைத்தான்" என்றார். அப்புறம்தான் பேச்சு வந்தது. டெக்னீஷியன் வந்து சேர்வதற்குள் இவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, கம்பி எங்கே ஒட்டாமல் எழும்பியிருக்கிறது, மெஷின் முனை தேய்ந்துவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவாராம். தலைமுடியைவிட மெல்லிய கம்பி அது. தங்கம் விலை ஏறியபோது கம்பெனி செப்புக் கம்பிக்கு மாறியது. செப்பு சூட்டில் சீக்கிரம் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெட்டுவிடும் என்பதால், கம்பி உருகும் இடத்தில் நைட்ரஜனும் கொஞ்சம் ஹைட்ரஜனும் கலந்த வாயுவை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வாயு குறைந்தால் கம்பி முனையில் உருகித் திரளும் குண்டு கோணலாகிவிடும். அதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்றார். லைனுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டதும் இவர்தான். இவ்வளவும் 'ஓப்பரேட்டர்' என்ற ஒரு வரிக்குள் கிடந்தது.

அவர் சொல்லச் சொல்ல எழுதி, படித்துப் பார்க்கக் கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டு, "இப்படியெல்லாம் நம்மளே நம்மளப் பத்திச் சொல்லிக்கலாமா மா?" என்றார்.

அந்தக் கேள்வியை எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தற்பெருமை பேசாதே என்று சொல்லியே நம் வீடுகளில் பிள்ளைகளை வளர்க்கிறோம். நல்ல வளர்ப்புதான். ஆனால், தன் ஆற்றலை அறியாதவர்கள் முன்னால் தன்னைப் புகழ்ந்து சொல்வது தகும் என்று நம் பழைய இலக்கணமே இடம் கொடுத்திருக்கிறது. இண்டர்வியூ எடுப்பவருக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்? அண்ணனிடமும் இதைத்தான் சொன்னேன். பிறை என்ற ஊரில் வேறொரு கம்பெனியில் லைன் லீடராகச் சேர்ந்தார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'மண்டரின் தெரிந்திருக்க வேண்டும்' என்று போட்டு வரும் விளம்பரங்கள். சீன வாடிக்கையாளர்களிடம் பேசும் வேலை என்றால் நியாயம், அதில் எனக்குக் குறையில்லை. கிடங்கில் சரக்கு எண்ணிப் பதியும் வேலைக்கு எதற்கு? நான் போன் போட்டுக் கேட்பேன். இந்த வேலையில் யாரிடம் மண்டரின் பேச வேண்டும் என்று நேராகவே கேட்பேன். பழைய விளம்பரத்தை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டோம் என்று சிலர் நீக்கியதும் உண்டு. கேட்காமல் விட்டிருந்தால் நம் பிள்ளைகள் அந்த வரியைப் பார்த்ததுமே விண்ணப்பிக்காமல் போயிருப்பார்கள்.

1998, 2001, 2009 என்று மூன்று பொருளாதாரச் சரிவுகளைப் பார்த்தாயிற்று. ஒவ்வொன்றிலும் ஆட்குறைப்பு நடந்தது, பிறகு ஆள் எடுப்பும் வந்தது. 2020 மார்ச் 18-ல் கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது யாரையும் நேரில் பார்க்க முடியவில்லை. எல்லாம் போனில்தான். குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். பக்கத்து அறையில் மனைவி இருப்பார். வேலை போன விஷயத்தை வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்போது வேலைவாய்ப்புக் காப்புறுதித் திட்டம் இருந்தது. 2018-லேயே சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் கீழ் தொடங்கிவிட்டார்கள். தகுதி இருந்தால், வேலை போனவருக்கு முதல் மாதம், கணக்கிடப்பட்ட சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும், அடுத்த மாதம் 50, பிறகு 40, 30 என்று குறைந்துகொண்டே வரும். அதிகபட்சம் 6 மாதம். ஆனால் வேலை போன 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். என்னிடம் வந்தவர்களில் எத்தனை பேர் அந்த 60 நாளை வெட்கத்திலேயே கழித்துவிட்டு வந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. இது யாரும் போடும் பிச்சை இல்லை. மாதாமாதம் உங்கள் சம்பளத்தில் 0.2 விழுக்காடு பிடித்து, முதலாளியும் அதே அளவு போட்டுக் கட்டிய பணம். வேலை போனால் முதலில் வீட்டில் சொல்லுங்கள், அப்புறம் மனுவைப் போடுங்கள். சொன்ன வீடுகளில் பெரும்பாலும் மனைவிதான் பாரத்தை எடுத்து உட்கார்ந்து நிரப்பினார்.

என் இடத்துக்கு ஓர் இளம்பெண் வந்திருக்கிறார், கெட்டிக்காரப் பிள்ளை. இப்போது விண்ணப்பங்கள் கைப்பேசியிலேயே வந்துவிடுகின்றன, தேடும் சொல்லைக் கொடுத்தால் கணினி வடிகட்டித் தருகிறது. வேகம் உண்மைதான், எனக்கு அதில் சந்தோஷமே. ஆனால் ஒரே வரி எழுதிய ஆளைக் கணினி கூப்பிட்டு விசாரிக்காது. வடிகட்டலில் விழுந்தவர்களில் நாளுக்கு ஐந்து பேரையாவது போனில் கூப்பிட்டுப் பேசு மா என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டுக்கொண்டேன். செய்கிறார்.

நான் சனிக்கிழமைகளில் எங்கள் தாமான் (குடியிருப்பு) மண்டபத்தில் உட்காருகிறேன். போன வாரம் ஒரு பெண் வந்தார். அனுபவம் 'இல்லை' என்று எழுதியிருந்தார். விசாரித்தால், மாமியாரின் சாப்பாட்டுக் கடைக்கு ஆறு வருடமாக சாமான் வாங்குவதும் கணக்குப் பார்ப்பதும் ஆட்களுக்குச் சம்பளம் போடுவதும் அவர்தான். ஒரு கேன்டீன் நிர்வாகத்தில் கணக்கு உதவியாளர் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். இன்னும் பதில் இல்லை. திங்கட்கிழமை நானே அவர்களுக்குப் போன் செய்யப் போகிறேன்.