மொய் விருந்து நாட்குறிப்பு: கீரமங்கலம் பக்கம்

ஆடி 3

கல்யாணம் வைக்காத ஆடியில்தான் புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கமும், தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணியிலும் பந்தல்காரர்களுக்குக் கை ஓயாது. ஆவணி வரை மொய் விருந்துக் காலம்: பந்தி போட்டு, வருகிறவர்கள் வைக்கும் மொய்ப் பணத்தை வாங்குவதற்கென்றே வைக்கும் விருந்து. காதுகுத்து, சடங்கு என்று சாக்கு வேண்டாம். பத்திரிகையிலேயே 'மொய் விருந்து' என்று போட்டுவிடுவார்கள். ஒருமுறை வைத்தவர் மறுபடி வைக்க ஐந்து வருஷம் பொறுக்க வேண்டும். பந்தலும் கிடாக்கறியும் தனியாளுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் பத்து, இருபது பேர் கூட்டாக வைக்கிறார்கள். பந்தி பொது, மொய் நோட்டு தனித்தனி.

ஆடி 9

மேசைக்கு மூன்று பேர்: வாங்க ஒருவர், எண்ண ஒருவர், எழுத ஒருவர். எழுதுகிறவர் உள்ளூர்க்காரராக இருந்தால்தான் தப்பு வராது.

"எந்த முருகேசன் மாமா? வடக்குத் தெருவா, கடைவீதியா?"

"வடக்குத் தெருதான். அப்பா பேரையும் சேர்த்து எழுதுப்பா."

ஊர், தெரு, அப்பா பெயர் மூன்றும் இல்லாத வரி ஐந்து வருஷம் கழித்து யாருடையது என்றே தெரியாது. இப்போது கணினி ரசீது, நோட்டு எண்ணும் இயந்திரம் எல்லாம் வந்துவிட்டன. இருந்தாலும் கையால் எழுதிய நோட்டு ஒன்று இருப்பது நல்லது. பெட்டிப் பணமும் நோட்டுக் கூட்டலும் ஒத்துப்போகிறதா என்று ஆட்கள் கலைவதற்குள் பார்த்துவிட வேண்டும்.

ஆடி 18

கணக்கு இதுதான். உங்கள் விருந்தில் நான் 5,000 வைத்திருந்தால், என் விருந்தில் நீங்கள் 7,000 வைப்பீர்கள். அதில் 5,000 பழைய மொய் கழிந்தது, 2,000 புது மொய். இனி அந்த 2,000 என் தலையில். உறவை முடித்துக்கொள்ள நினைப்பவர் வாங்கியதை மட்டும் திருப்பிவைத்தால் போதும், புதிதாகச் சேர்க்க வேண்டியதில்லை.

வசூல் கோடியைத் தொட்டவர்களும் உண்டு. தொகையைப் பார்த்து மலைத்துவிடக் கூடாது. 10 லட்சம் வந்து, அதில் 6 லட்சம் ஏற்கெனவே போட்டது என்றால், மீதி 4 லட்சம் வட்டியில்லாக் கடன். ஐந்து வருஷத்தில் திருப்ப வேண்டும் என்றால் வருஷத்துக்கு 80,000. மேலே வைக்கும் புது மொய் தனி. அதுவும் ஆடி, ஆவணி இரண்டே மாதத்தில் கையில் இருந்தாக வேண்டும். ஆழ்துளைக் கிணறு, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், ஒரு கடை என்று போட்டவர் சமாளிக்கிறார். கார் வாங்கியவர் அடுத்த ஆடியில் வட்டிக்கு வாங்கி மொய் வைக்கிறார். வட்டியில்லாப் பணத்துக்கு வட்டி கட்டும் கூத்து!

ஆடி 27

அப்பா செத்தால் மொய் சாகாது. நிலத்தைப் பிரிக்கும்போது மொய் நோட்டையும் பிரித்து, எந்த ஊர் வரவு செலவு எந்த மகனுக்கு என்று அப்போதே எழுதிவிட வேண்டும். விட்டால் இரண்டு பேரும் வைப்பார்கள், அல்லது இரண்டு பேரும் வைக்க மாட்டார்கள்.

ஆவணி 5

2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்தது. அடுத்த ஆடியிலேயே மொய் வசூல் இறங்கியது. பிறகு கொரோனா. எல்லார் வருமானமும் ஒரே தென்னையில் இருந்தால் எல்லார் கையும் ஒன்றாகத்தான் வற்றும். இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை இது.

பத்திரமும் ஈடும் இல்லாமல் இவ்வளவு பணம் புரள்வது முகத்துக்கு அஞ்சித்தான். அந்த அச்சமே சிலரை வட்டிக்கடைக்கு விரட்டுகிறது. கையில் இல்லை என்றால் விருந்துக்கு முன்பே நேரில் போய்ச் சொல்லிவிடுவது மேல். பத்திரிகையை வாங்கி வைத்துக்கொண்டு அன்றைக்கு வராமல் இருப்பதைத்தான் ஊர் பேசும்.