பிளேட்டோ பாதியில் நிறுத்திய கதை

சாகசக் கதைகளில், கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் அட்லாண்டிஸ் தீவு வரும் இடமெல்லாம் கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவும் உடன் வருகிறார். அவருடைய 'டிமேயஸ்', 'கிரிட்டியஸ்' உரையாடல்கள்தான் அந்தத் தீவுக்கு மூலம். அதன் செருக்கைத் தண்டிக்கத் தேவர்களைக் கூட்டிய அவர்களின் தலைவன் ஜீயஸ் பேச வாயெடுக்கும் இடத்தில், வாக்கியம்கூட முடியாமல் 'கிரிட்டியஸ்' நின்றுவிடுகிறது. ஜூல்ஸ் வெர்ன் எழுதி 1869-70-இல் தொடராக வெளிவந்த கடலடி நாவலில், கேப்டன் நீமோ பேராசிரியர் அரோனாக்ஸைக் கடலடி எரிமலையின் ஒளியில் இடிபாடுகளுக்கிடையே அழைத்துச் சென்று, சுண்ணக்கல் துண்டொன்றால் கரும்பாறைமீது அட்லாண்டிஸ் என்ற ஒற்றைச் சொல்லை எழுதிக் காட்டுகிறார்; நீருக்கடியில் பேச வழியில்லாத இருவருக்கிடையே இதைவிடப் பொருத்தமான அறிமுகம் எது? அரோனாக்ஸின் மனமும் உடனே பிளேட்டோவைத்தான் நாடுகிறது. பின்னர் வந்த புதையல் கதைகள் பலவும் தீவின் செல்வத்தோடு நின்று, பிளேட்டோ அழுத்திச் சொன்ன அந்தச் செருக்கைக் கைவிட்டது எனக்குப் பெரும் வருத்தமே.