டர்பன் – சென்னை: தூரமும் நேரமும்

மார்ச் 4

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள கிங் ஷாக்கா விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு வான்வழியே சுமார் 7,070 கி.மீ. இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்துப் பூமியின் மையத்தில் அவற்றுக்கு இடையே உள்ள கோணத்தைக் கண்டால் 63.6 பாகை வரும். பாகைக்கு 60 கடல் மைல், கடல் மைலுக்கு 1.852 கி.மீ. டர்பன் தெற்கே இருப்பதால் அதன் அட்சரேகை 29.6-க்கு முன் கழித்தல் குறி கட்டாயம். அதை விட்டால் 5,360 கி.மீ. என்று வரும், பார்க்க நம்பும்படி இருப்பதுதான் வம்பு.

மார்ச் 5

மணிக்கு 900 கி.மீ. வேகம், ஏறி இறங்க அரை மணிக்கு மேல் என்று போட்டால் எட்டரை மணி நேரம். ஆனால் நேரடி விமானம் இல்லையே! துபாய் வழி போனால் 6,620-உம் 2,930-உம் சேர்ந்து 9,550 கி.மீ.; மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுற்று. சென்னையின் அட்சரேகையைத் தாண்டி 12 பாகை வடக்கே ஏறி, மறுபடி தெற்கே இறங்குகிறோம். (1860 அக்டோபர் 12-இல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு சென்னையில் கிளம்பிய ட்ரூரோ கப்பல் டர்பனைத் தொட்டது நவம்பர் 16-இல். அதை நினைத்தால் இந்தச் சுற்றைக் குறை சொல்ல வாய் வராது.)

ஜோகன்னஸ்பர்க் வழி என்றால் முதல் 480 கி.மீ. சென்னை இருக்கும் வடகிழக்கே போகாமல், வடமேற்கே. அந்த நிலையம் 1,694 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிவு, எஞ்சினின் உந்துவிசையும் குறைவு. அதனால்தான் அங்கே 4.4 கி.மீ. ஓடுபாதை. வெயில் ஏறிய வேளையில் சுமையையும் குறைக்க வேண்டியிருக்கும்.

மார்ச் 7

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். திங்கள் மாலை 7-க்கு டர்பன், செவ்வாய் பிற்பகல் 2.30-க்குச் சென்னை என்று வைத்துக்கொள்வோம். கடிகாரப்படி பத்தொன்பதரை மணி நேரம். நேர வித்தியாசம் மூன்றரையைக் கழித்தால் 16. அதில் பறப்பது பன்னிரண்டரை, மிச்சம் துபாயில் காத்திருப்பு. திரும்பும்போது அதே மூன்றரையைக் கூட்ட வேண்டும்.

டர்பனின் தெற்கே உள்ள சாட்ஸ்வொர்த்துக்காரர்கள் நிலையத்துக்குப் போகும் சாலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2010 வரை நிலையம் தெற்கே, பக்கத்தில் இருந்தது. இப்போது கிங் ஷாக்கா நிலையம் இருக்கும் லா மெர்சிக்கு என்2 சாலையில் நகரத்தைக் கடந்து வடக்கே போக வேண்டும்.

மார்ச் 8

காற்று. குளிர்காலத்தில் துபாய்–சென்னை வழியில் மேற்கிலிருந்து வரும் மேலைக்காற்று பின்னாலிருந்து தள்ளும். திரும்பும்போது அதுவே எதிர்க்காற்று. தென்மேற்குப் பருவத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே, உயரத்தில் கிழக்கிலிருந்து வரும் கீழைக்காற்று வீசும். அப்போது இந்த லாப நட்டம் அப்படியே நிற்காது.

மார்ச் 10

இரண்டு தனித்தனி டிக்கெட் மலிவாகக் கிடைக்கும். ஆனால் பெட்டி கடைசி ஊர் வரை தானாகப் போகாமல் போகலாம். நடுவில் குடியேற்றச் சோதனை, பெட்டி எடுப்பு, மறுபடி செக்-இன். இரண்டு மணி நேர இடைவெளி போதாது. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் காசு போனதுதான். நைரோபி, அடிஸ் அபாபா வழி போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைக் கையில் வைத்திருப்பது நல்லது. ஊசி போட்டு 10 நாள் கழித்தே அந்த அட்டை செல்லும்.